ஜாரின் அடியில் மிஞ்சிய சோறு

1. ஒரு கேள்வி

“நீங்க படிச்சவங்க மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு அந்தக் கஞ்சிய குடிச்சதால போனாரா, இல்ல நடுவுல நிறுத்துனதால போனாரா?”

கணவரின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை கஸ்தூரி அக்கா என்னிடம் இதைக் கேட்டார். ஜாரில் அரிசி நிரப்பும் ஃபில்லிங் ரூமுக்குள் போகும் முன் கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தோம். அவருக்கு முழங்கை வரை சோப்பு நுரை. நான் குழாயைத் திறந்துவிட்டேன். “எனக்குத் தெரியலைக்கா” என்றேன். அவர் கோபப்படவில்லை. கையை அலசி, தலைக்கு வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. படித்தவள். அந்தக் கஞ்சி அரிசியில் இருந்த பாக்டீரியாவை வளர்த்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளும் நான்தான். இருந்தும் அவருடைய கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மருத்துவக் காளான் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஏ.சி. ரூமை எப்படி அமைப்பது, காளானுக்கு விதையான கல்ச்சரை எப்படிக் காப்பாற்றுவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் ஒரு வரிகூட வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

2. முதல் நாள்

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். கணவருக்கு ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. மகள் பிறந்து, அவள் உட்காரப் பழகிய பிறகு, மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தேர்வாய் கண்டிகை தாண்டிப் போகிற ரோட்டில் ஒரு வாடகை ஷெட். வெளியே பார்த்தால் குடோன் மாதிரி இருக்கும். உள்ளே கார்டிசெப்ஸ் என்ற மருத்துவக் காளான் வளர்க்கிறார்கள்.

முதலாளி தயாளன் சார், முன்பு ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். முதல் நாள் ஷெட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“மேடம், நம்ம வேல இன்னான்னா, ஜாருக்குள்ள ஒண்ணே ஒண்ணு வளரணும். வேற எதுவும் வளரக் கூடாது. அந்த வேற எதுவும்தான் உங்க டிபார்ட்மெண்ட்.”

வேலை இப்படி நடக்கும். பிளாஸ்டிக் ஜாரில் கைக்குத்தல் அரிசி போட்டு, சத்துத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஆட்டோகிளேவில் வைப்போம். அது ஒரு பெரிய பிரஷர் குக்கர்தான். நீராவியின் சூட்டில் அரிசியும் வேகும், அரிசியோடு வந்த கிருமிகளும் சாகும். ஆறிய பிறகு நான் சுத்தமான காற்று வீசும் கேபினெட்டுக்குள் வைத்துக் காளான் கல்ச்சரை ஊற்றுவேன். கொஞ்ச நாள் இருட்டு, அப்புறம் விளக்கு வெளிச்சம், எந்நேரமும் ஏ.சி. வாரங்கள் போனால் அரிசியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் விரல் விரலாகக் காளான் எழும்பி நிற்கும். அதைக் கத்தரித்துக் காயவைத்து விற்கிறோம். உடம்புக்குத் தெம்பு தரும் மருந்து என்று வாங்கிப் போகிறார்கள்.

ஜாரில் அரிசி நிரப்ப ஐந்து பெண்கள் இருந்தார்கள். கஸ்தூரி அக்காதான் அவர்களில் பழையவர். அன்று மத்தியானம் நான் நெளிந்துகொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“புள்ள இன்னும் பால் குடிக்குதா?”

“ஆமாக்கா.”

“அப்போ மாரு கட்டிக்கும். பின்னால ஸ்டோர் ரூம் கீது. தாப்பா போட்டுக்கினு பீச்சி உட்டுட்டு வாங்க. நான் வெளிய நிக்கறேன்.”

நின்றார். அன்று மட்டுமல்ல, மகள் பால் மறக்கும்வரை தினமும் நின்றார். ஒரு தடவை தயாளன் சார் அந்தப் பக்கம் வந்தபோது, “உள்ள எலி கீது சார், மேடம் தொரத்திக்கினு கீறாங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம்.

3. அடிச்சோறு

காளானைக் கத்தரித்த பிறகு ஜாரின் அடியில் அரிசி மிஞ்சும். பூஞ்சை இழை ஓடி ஒட்டிக்கொண்டு, அப்பம் மாதிரி கட்டியாக, லேசான ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தொழிலில் அதற்கு ‘பேஸ்’ என்று பெயர். எங்கள் பெண்கள் அதை அடிச்சோறு என்பார்கள்.

நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அறுவடை நாளில் அடிச்சோறைக் கரண்டியால் பெயர்த்து, ஐந்து பேரும் கவரில் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கொதிக்கவைத்துக் கஞ்சியாகக் குடிப்பார்கள். “தூக்கிப் போடறதுக்கு ஊட்டுக்கு எடுத்துனு போங்களேன். அதுலயும் மருந்து கீது” என்று தயாளன் சாரே சொன்னதுதான். அவர் சொன்னதில் பொய்யில்லை. காளானின் சத்து கொஞ்சம் அரிசியிலும் தங்கும்.

எனக்கும் ஒரு கவர் நீட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். மல்லிகா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

“மேடம் எடுத்துக்கினு போ மாட்டாங்கடி. எம்.எஸ்ஸி. படிச்சிட்டு சொரண்டுன சோத்தையா எடுத்துக்கினு வந்தன்னு ஊட்டுக்காரரு கேட்டா இன்னா பதில் சொல்றது?”

“சும்மா கெட மல்லிகா” என்பார் கஸ்தூரி அக்கா. “அந்தக் கொயந்தைக்கு இப்பதான் ரெண்டு பல்லு வந்துக்கீது. அதுக்குப் போயி காளான் சோறா?”

கெட்ட ஜாரைக் கண்டுபிடிப்பது பொதுவாக எளிது. பாக்டீரியா புகுந்த இடத்தில் அரிசி பளபளவென்று வழவழப்பாக ஈரம் கட்டும். மூடியைத் திறந்தால் புளித்த வாடை வரும். அந்த மாதிரி ஜார்களை அந்தப் பெண்களே ஒதுக்கிவிடுவார்கள். நன்றாகக் காளான் வந்த ஜார் நல்ல ஜார் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். என்னுடைய கணக்கும் அதுதான்.

4. ஏழுமலை அண்ணன்

கஸ்தூரி அக்காவின் கணவர் ஏழுமலை. ஊரில் கொஞ்சம் நெல் நிலம். மீதி நேரத்தில் மினி வேன் ஓட்டுவார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நிற்காமல், சென்னைக்குப் போய்ப் பார்த்ததில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மருந்து ஏறினால் வாந்தி. எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்தது.

ஒரு நாள் கஸ்தூரி அக்கா ஓடிவராத குறையாக வந்தார்.

“நின்னுச்சு மேடம்! அடிச்சோத்துக் கஞ்சி ஒரு டம்ளரு குடிச்சாரு. அப்படியே நின்னுச்சு.”

அன்று முதல் மற்ற நான்கு பேரும் தங்கள் பங்கையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அறுவடை நாளில் கவர்கள் ஒவ்வொன்றாக அவர் பைக்குள் போகும், அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் கணவரோடு பைக்கில் போய் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் கீழே கட்டில். முடியெல்லாம் கொட்டியிருந்ததால் தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். டி.வி.யில் ஏதோ கிரிக்கெட்.

“வாங்க மேடம். இவ ஊட்ல சோறாக்கறதையே உட்டுட்டா. மூணு வேளையும் உங்க கம்பெனி சாப்பாடுதான்.”

“உடம்பு எப்படிண்ணா இருக்கு?”

“வெள்ள அணு கம்மியாம். நானே கறுப்பு ஆளு, வெள்ளைக்கு நான் எங்க போறது?”

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளை அணு குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவரைப் படுக்கவைத்துவிடும்.

கஸ்தூரி அக்கா கஞ்சி கொண்டுவந்தார். அண்ணன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்லக் குடித்தார். குடித்துவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி அக்காவும், பத்தாவது படிக்கும் அவர்கள் மகள் திவ்யாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வீடே மூச்சு விட்டது போலிருந்தது.

வாசலில் வழியனுப்பும்போது கஸ்தூரி அக்கா சொன்னார்: “சில நாளு இதுவும் நிக்காது மேடம். அது மருந்தோட வேகம்.”

நானும் அது மருந்தின் வேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

5. பிளேட்

தயாளன் சாருக்கு அடிச்சோறைக் காயவைத்துப் பொடியாக்கி விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெளியூரில் பலர் அப்படிச் செய்கிறார்கள். “ஒரு டெஸ்ட் போட்டு சொல்லிடுங்க மேடம், அப்பால பாக்கெட்டு அடிச்சிடலாம்” என்றார்.

அந்த வார அறுவடையில் ஜார்கள் எல்லாமே அழகாக வந்திருந்தன. நாற்றமில்லை, வழவழப்பில்லை. அடிச்சோறை மேலாக எடுக்காமல், ஜாரின் நடுப்பகுதி வரை தோண்டி எடுத்து, கரைத்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் பிளேட்டில் தடவி வைத்தேன். மறுநாள் திறந்தால் பிளேட் முழுக்க மங்கலான வெள்ளைப் படை. என் கை சுத்தமாக இல்லையோ என்று சந்தேகம். வெறும் தண்ணீரை மட்டும் தடவிய பிளேட்டைப் பார்த்தேன். அது பளிச்சென்று இருந்தது. மறுபடியும் வேறு ஜார்களை எடுத்துப் போட்டேன். மறுபடியும் அதே படை.

சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஊதா நிறத்தில் குச்சி குச்சியாக, சங்கிலி கோத்தது போல். சில குச்சிகளுக்குள் சாயம் ஏறாத சின்னப் பொட்டு. அதுதான் ஸ்போர். கெட்ட காலத்தைத் தாண்டுவதற்கு அந்த பாக்டீரியா கட்டிக்கொள்ளும் ஓடு. சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் அது சாகாது. ஆட்டோகிளேவின் சூடு சரியாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும்தான் சாகும்.

சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பிக் கேட்டோம். அரிசியில் சகஜமாக இருக்கும் பேசில்லஸ் வகைதான் என்றார்கள். இந்த வகையில் சிலது வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. எங்கள் அரிசியில் இருந்தது நஞ்சு சுரக்கும் வகையா என்று கேட்டேன். அந்தப் பரிசோதனை தங்களிடம் இல்லை என்றார்கள்.

பிறகுதான் புரிந்தது. மேலே காளான் இழை பாய் விரித்தாற்போல் மூடியிருக்க, அடியில் நடு அரிசிக்குள் பாக்டீரியா தன் பாட்டுக்கு வாழ்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஜாரில் வாரக்கணக்காகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. காளான் வாடவில்லை, அதனால் எங்களுக்கும் தெரியவில்லை.

தயாளன் சாரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “மேல கீற காளான் கிளீனா?” என்றுதான். அதையும் டெஸ்ட் செய்திருந்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“பவுடரு வாணாம், உடுங்க. அடிச்சோறு இனிமே குப்பக் குழிக்குத்தான் போவணும். ஆனா பொம்பளைங்ககிட்ட நீங்க சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா, ஓசில குடுக்க மனசு வரல, வித்துக்கப் போறான்னு பேசுவாங்க.”

6. சொன்ன நாள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். அடிச்சோறில் கிருமி இருக்கிறது, இனி யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று.

“கிருமியா?” என்றார் மல்லிகா அக்கா. “நீங்கதான மேடம் சொன்னீங்க, தயிர்ல கீறதும் கிருமிதான், இட்லி மாவ பொங்க வெக்கறதும் கிருமிதான்னு?”

“அது வேறக்கா. அது நல்லது.”

“எது நல்லது எது கெட்டதுன்னு அதும் நெத்தியில எய்தி ஒட்டிக்கீதா? நாங்களும் இத்தினி நாளா துன்னோம். எங்களுக்கு இன்னா ஆச்சி? கல்லு மாதிரி கீறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்ததை அவர்கள் பேச்சில் எடுத்துச் சொல்ல வரவில்லை. உடம்பு திடமாக இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், இல்லாதவர்களுக்கு ஆபத்து என்றேன். அதைச் சொல்லும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லோரும் எழுந்து போன பிறகு கஸ்தூரி அக்கா மட்டும் டிபன் பாக்ஸை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவருக்கு?”

“கொடுக்காதீங்கக்கா.”

“நல்லா கொதிக்க வெச்சுதான தர்றேன். கொழைய கொழைய.”

“கொதிச்சாலும் சிலது போகாதுக்கா. டாக்டர்கிட்ட இந்தக் கஞ்சியப் பத்தி சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல. சொன்னா திட்டுவாரு.”

“கேளுங்கக்கா. கண்டிப்பா கேளுங்க.”

அவர் டிபன் பாக்ஸின் மூடியைக் கையிலேயே திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அப்போ அவரு இன்னா துன்னுவாரு மேடம்?”

இளநீர், பழச்சாறு, வீட்டில் புதிதாக வடித்த கஞ்சி என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையாட்டினார். அவையெல்லாம் நிற்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் டாக்டரிடம் போன் செய்து கேட்டிருக்கிறார். அணு குறைந்திருக்கும் நேரத்தில் இப்படி எதையும் தரக் கூடாது என்று அவரும் சொன்னாராம். “நீங்க சொன்னதையே சொன்னாரு மேடம்” என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பு நீடிக்கவில்லை.

7. கேரட் கஞ்சி

கஞ்சியை நிறுத்தியதை ஏழுமலை அண்ணனிடம் சொல்ல கஸ்தூரி அக்காவுக்கு மனம் வரவில்லை. அது ஒன்றுதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவர் நம்பியிருந்தார். அதனால் சாதாரண அரிசியைக் குழையவிட்டு, கேரட்டைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றை ஊற்றி ஆரஞ்சு நிறமாக்கிக் கொடுத்தார்.

“மொத வாய்லயே கண்டுபுடிச்சிட்டாரு மேடம். என்ன ஒரு பார்வ பாத்தாரு. முழுசா குடிச்சாரு. வவுத்து மேல கைய வெச்சுக்கினு உக்காந்தாரு. கட்ட விரலு தூக்கல.”

கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டதாம். அப்போதும் அவர் கேட்டது, “கம்பெனில இப்ப காளான் வர்லியா?” என்றுதான். “ஆமா, ஏ.சி. ரிப்பேரு” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சில நாட்களில் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்ததில் எதுவும் வரவில்லை. கிருமிக்கான மருந்து ஏற்றிய பிறகு எடுத்த ரத்தம் என்பதால் அப்படி ஆவதுண்டு. வாய்ப்புண் வழியாக வந்திருக்கலாம், ஊசி போட்ட இடத்திலிருந்து வந்திருக்கலாம், அவருடைய குடலிலிருந்தே வந்திருக்கலாம் என்றார்களாம். அந்த வாரமே இறந்துபோனார்.

சாவுக்கு எல்லோரும் வேனில் போனோம். கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஏழுமலை அண்ணனின் தங்கைதான் யாரிடமோ சத்தமாகச் சொன்னார்: “கஞ்சி குடிச்சிக்கினு இருந்தவருக்கு ஊத்தாம உட்டாங்கோ. கம்பெனிக்காரி பேச்சக் கேட்டுக்கினு.”

வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். “டாக்டரும் அதையேதான சொன்னாரு? நீ ஏன் உன் தலையில போட்டுக்கற?” என்றார் என் கணவர். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, அந்தக் கட்டிலின் முன்னால் நின்ற இரண்டு பேரின் முகம் வேறு. முன்னமே டெஸ்ட் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? டெஸ்ட்டே செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருப்பாரா? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

8. ஒரு கைப்பிடி

ஆட்டோகிளேவில் வைத்த ஜாருக்குள் கிருமி எப்படிப் பிழைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மிஷினில் கோளாறு என்று நினைத்து மீட்டரையும் வாஷரையும் மாற்றினோம். பயனில்லை. அடுத்து ஜார்களைப் பார்த்தேன். சில ஜார்களில் அரிசி வழக்கத்தைவிட உயரமாக, அழுத்தி நிரப்பியதுபோல் இருந்தது. அரிசி கூடினால் தண்ணீர் பற்றாது. நடுவில் காய்ந்து இறுகிக்கொள்ளும். நீராவிச் சூடு அங்கே போய்ச் சேருவதற்குள் மிஷின் நின்றுவிடும்.

கஸ்தூரி அக்கா இன்னும் வேலைக்குத் திரும்பாத நேரம். மல்லிகா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, “அரிசி ஏன்க்கா இவ்வளவு உயரமா இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். “கண்டுபுடிச்சிட்டீங்களா? சார்கிட்ட சொல்லிடாதீங்க. நாங்க நாலு பேரும்தான் ஜாருக்கு ஒரு கைப்பிடி சேத்துப் போட்டுக்கினு இருந்தோம். அரிசி கூட போட்டா அடியில கூட மிஞ்சும்ல? கஸ்தூரி ஊட்டுக்காரருக்கு ஆவுமேன்னு. இப்ப அவரு போய்ட்டாரு, ஆனா கை பயகிப் போச்சி.”

“கஸ்தூரி அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா உடுவாளா? அவ ரோஷக்காரியாச்சே.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்களால ஆனது அதுதான் மேடம். வேற இன்னா செய்ய முடிஞ்சிது?”

ஏழுமலை அண்ணனுக்குக் கஞ்சி வயிற்றில் தங்கிய நாளிலிருந்து அவர்கள் சேர்த்துப் போட்ட கைப்பிடிதான் ஜாரின் நடுவை இறுக்கியிருக்கிறது.

தயாளன் சாரிடம் அரிசியின் உயரம்தான் காரணம் என்று மட்டும் சொன்னேன். யார், ஏன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஜாரிலும் ஒரு சிவப்பு டேப் ஒட்டினோம், அதற்கு மேல் அரிசி போகக் கூடாது என்று. காரணம் கேட்ட பெண்களிடம், “சார் அரிசியை மிச்சம் பிடிக்கணும்ங்கிறாரு” என்றேன். அப்படிச் சொன்னதை சாரிடமும் சொல்லி வைத்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சரி, என்னையே கஞ்சன்னு திட்டட்டும்” என்றார். “கைப்பிடி அரிசியிலதான் கோட்ட கட்டப் போறாரு” என்று ஃபில்லிங் ரூமில் அவரைக் கிழித்தார்கள். டேப் போட்ட பிறகு எடுத்த பிளேட்கள் சுத்தமாக வந்தன. இப்போது கிருமி இல்லை என்று மட்டும் பெண்களிடம் சொன்னேன்.

9. இப்போது

இந்தத் தொழிலுக்கு வரும் உங்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஜாரின் மேலே என்ன வளர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். வளர்வதற்குப் போட்ட அரிசியோ மரத்தூளோ, அதன் நடுவைத் தோண்டிப் பாருங்கள். அங்கே பாக்டீரியா இருப்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நீங்கள் கழிவு என்று சொல்வதை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனாலும் அது கழிவு இல்லை, சாப்பாடு. விற்கும் பொருளுக்குச் செய்கிற அத்தனை டெஸ்ட்டையும் அதற்கும் செய்யுங்கள்.

இது புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகத்தில் இல்லாதது ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது.

போன வாரம் மல்லிகா அக்காவின் டிரேயில் சில ஜார்கள் டேப்பைத் தாண்டி நிரம்பியிருந்தன. கேட்டதற்கு, “என் பொண்ணு மாசமா கீறா மேடம். ஊட்டுக்கு வந்துக்கீறா. ஒண்ணும் சாப்ட மாட்டன்றா. கொஞ்சம் அடிச்சோறு கண்ணுல படாம எடுத்துக்கலாம்னு பாத்தேன்” என்றார்.

“கிருமி இருக்குன்னு சொன்னேனேக்கா!”

“அது அப்ப. இப்பதான் கிருமி போச்சின்னு நீங்களே சொன்னீங்க. ஒரு கைப்பிடி அரிசிக்கு இந்தப் பேச்சா? அரிசி சார் ஊட்டுதுதான, உங்களுக்கு இன்னா?”

அந்த ஜார்களை அப்போதே எடுத்துக் கொட்டிவிட்டேன். மகளுக்கு எந்தக் காரணத்துக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சரி என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் தெரியாத விதி அந்த ரூமில் நிற்காது. நான் சொன்ன பொய்க் காரணம் இப்போது ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தட்டு வரை வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரிசி கூடினால் கிருமி பிழைக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த நான்கு பேருக்கும் விளங்கிவிடும், தாங்கள் யாருக்காக, எதைச் சேர்த்துப் போட்டோம் என்று. அதே மேஜையின் ஐந்தாவது நாற்காலியில் கஸ்தூரி அக்கா உட்கார்ந்திருப்பார். அவருக்கு இப்போது இருக்கும் ஆறுதலே அந்த நான்கு பேர்தான். திவ்யாவின் பரீட்சைக்கு அவர்களில் ஒருவர்தான் கூடப் போய் வருகிறார்.

மல்லிகா அக்காவிடம் மட்டும் முதலில் சொல்லலாமா? அவர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு தினமும் கஸ்தூரி அக்காவின் பக்கத்தில் எப்படி உட்காருவார்? நான்கு பேரிடமும் சொல்லிவிட்டு கஸ்தூரி அக்காவிடம் மறைப்பது நியாயமா? இல்லை, அவரிடம்தான் முதலில் போக வேண்டுமா?

இதைப் படிப்பவர்களில் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்த்தவர்கள் இருப்பீர்கள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்து, பிறகு காரணம் தெரிந்துகொண்டவர்களும் இருப்பீர்கள். தெரிந்துகொண்டது உங்களுக்கு நல்லதாக இருந்ததா, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதா? அந்த ஐந்து பேரில் யாரிடம் நான் முதலில் போக வேண்டும், முதல் வாக்கியமாக எதைச் சொல்ல வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த அறுவடைக்கு முன்னால் நான் அவர்களிடம் பேசியாக வேண்டும்.